பெரிய பேரும் பெரிய புஸ்தகமும்

பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. வகுப்பை எட்டிவிட்ட நமது வாலிபர்கள் சிலர், குவாண்டம் புலக் கொள்கையில் ஆரம்பப் புஸ்தகம் ஒன்றை முடித்துவிட்டு, "மேற்கொண்டு எதைப் படிப்பது?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் பதில்தான் விபரீதமாயிருக்கிறது. "வைன்பர்க் எழுதிய மூன்று பாகங்களையும் படி, அதற்கு மேல் புஸ்தகமே இல்லை" என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "அவர் 1979-ல் நோபல் பரிசு பெற்றவரல்லவா?" என்பதுதான் காரணமாம்! பையனும் கடன் வாங்கிப் புஸ்தகம் வாங்குகிறான். முப்பது பக்கம் போனதும் ஒன்றும் விளங்கவில்லை. இந்தப் புஸ்தகம் இப்போது நமக்கு ஏற்றதல்ல என்று நினைப்பதற்குப் பதிலாக, தன் மண்டையில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, படிப்பையே விட்டுவிடுகிறான்.

இந்தக் கொள்கை இன்னதென்று அறியாத தோழர்களுக்கு ஒரு வார்த்தை. எலக்ட்ரானையும், வெளிச்சத்தின் துணுக்காகிய போட்டானையும் சிறு சிறு உருண்டைகளாகக் கருதாமல், எங்கும் பரவியுள்ள புலங்களில் எழும் அதிர்வுகளாகக் கொண்டு, அவை எப்படித் தோன்றுகின்றன, மறைகின்றன, மோதுகின்றன என்பதைக் கணக்கிட்டுச் சொல்வதே இது. வெறும் வாய்ப்பேச்சல்ல. 1948-ல் ஷ்விங்கர் என்பவர், எலக்ட்ரானின் காந்த பலம் முன்பு கணித்ததைவிடச் சிறிது அதிகமாயிருக்க வேண்டும், எவ்வளவு அதிகமென்றால் ஏறக்குறைய 861-ல் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுச் சொன்னார். குஷ், ஃபோலி என்ற இருவர் கருவி வைத்து அளந்ததிலும் கிட்டத்தட்ட அதுவே வந்தது. ஷ்விங்கர் பெரியவர் என்பதற்காக யாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை; அளவு ஒத்துவந்தது, ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே மேல் புஸ்தகம் தேடும் வாலிபரை நாம் கேட்பது இதுதான்: முதல் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்த 861-ல் ஒரு பங்கை நீரே வெள்ளைத்தாளில் போட்டுக் காட்ட முடியுமா? முடியாதென்றால் இப்போது உமக்கு வேண்டியது கணக்குப் போடச் சொல்லிக்கொடுக்கும் புஸ்தகம். பெஸ்கினும் ஷ்ரோடரும் 1995-ல் வெளியிட்ட புஸ்தகம் அப்படிப்பட்டது. அதன் ஆறாம் அத்தியாயத்தில் இதே கணக்கு படிப்படியாக இருக்கிறது. அச்சானபின் கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளை அவர்களே பட்டியலாக வெளியிட்டிருக்கிறார்கள். ஆசிரியர் பேரைச் சொல்லிப் பையன்களைப் பயமுறுத்துகிறவர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

வைன்பர்க் மட்டம் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் எழுப்பும் கேள்வியே வேறு. "புலம் என்ற ஒன்று எதற்காக வேண்டும்?" என்று கேட்டு, துகள்களிலிருந்தும் ரிலேடிவிடியிலிருந்தும் தொடங்கி, புலமில்லாமல் தீராது என்று காட்டிக்கொண்டு போகிறார். பலமுறை கணக்குப் போட்டுக் கை சலித்தவனுக்குத்தான் அந்தக் கேள்வியே பிறக்கும். பசியெடுக்காதவன் முன் இலை போட்டு என்ன பயன்?

இன்னொரு கூட்டத்தார், தாங்கள் படித்ததையே எல்லோரும் படிக்கவேண்டும் என்பவர்கள். பியோர்கெனும் ட்ரெல்லும் 1964, 1965-ல் எழுதிய இரண்டு பாகங்களைச் சிபாரிசு செய்வார்கள். அந்தக் காலத்துக்கு அவை உயர்ந்தவைதான். ஆனால் கணக்கில் வரும் முடிவிலிகள் அப்போது ஒரு தந்திரத்தால் ஒதுக்கப்பட்டு வந்தன. மிக நுண்ணிய தூரத்தில் என்ன நடக்கிறதென்று தெரியாமலேயே பெரிய தூரத்துக் கணக்கைச் சரியாகப் போடலாம் என்றும், அதனாலேயே அந்தத் தந்திரம் பலிக்கிறது என்றும் வில்சன் 1970-களில் விளக்கினார். அணுக்கருவைக் கட்டிவைக்கும் பலமான விசையின் இரகசியமும் 1973-ல்தான் வெளிவந்தது. முன்பே அச்சான புஸ்தகத்தில் இவை எப்படி இருக்கும்?

காந்தம் சூட்டில் காந்தத்தன்மை இழப்பது போன்ற நிலைமாற்றங்களில் ஆசையுள்ளவர் ஜின்-ஜஸ்டினிடம் போகலாம். ஜெனீவாவில் 2012-ல் ஹிக்ஸ் துகளைக் கண்டார்களே, அதுபோன்ற மோதல் கணக்கு வேண்டியவர் 2014-ல் வந்த ஷ்வார்ட்ஸைப் பார்க்கட்டும்.

நிற்க, ஒரு எச்சரிக்கை. பெஸ்கினும் ஷ்வார்ட்ஸும் காலத்துக்குக் கூட்டல் குறியும் இடத்துக்குக் கழித்தல் குறியும் போடுகிறார்கள். வைன்பர்க்கும் ஸ்ரெட்னிக்கியும் நேர் எதிராகப் போடுகிறார்கள். இதில் சரி தப்பு ஒன்றுமில்லை, வழக்கந்தான். ஆனால் தெரியாமல் ஒன்றிலிருந்து ஒரு சூத்திரத்தையும் மற்றொன்றிலிருந்து ஒரு சூத்திரத்தையும் எடுத்துச் சேர்ப்பவன் வாரக்கணக்கில் முட்டிக்கொண்டு நிற்பான். புஸ்தகத்தின் முதல் பக்கத்திலேயே குறியை எழுதி வைத்துக்கொள்வது நலம்.

விலை கொடுத்து வாங்க வகையற்றவர்களுக்கு, ஸ்ரெட்னிக்கி தமது 2007-ம் வருஷத்துப் புஸ்தகத்தின் முன்பிரதியை இணையத்தில் இலவசமாகவே விட்டிருக்கிறார். சிறு சிறு அத்தியாயங்களாகப் பிரித்து, எதைப் படிக்குமுன் எதைப் படித்திருக்க வேண்டும் என்பதையும் ஒவ்வொன்றின் தலைப்பிலும் குறித்திருக்கிறார்.