வரி இல்லை என்றாலும் கடிதத்தைப் பிரித்துப் பாருங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் டிவிசனில் கவ்வாத்து வேலை செய்கிற ஒருவர் கையில் மூன்று கடிதங்களுடன் வீட்டுக்கு வந்தார். மூன்றும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் இருந்து வந்தவை. மூன்றும் பிரிக்கப்படாமலே இருந்தன. "தலைவரே, வருமான வரியாமே, நமக்கு ஏது வருமானம்?" என்று சிரித்தார். பிரித்துப் படித்துச் சொன்ன பிறகு அவர் சிரிக்கவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். 1,350 ரூபா நாட்சம்பளத்தில் மாதம் 25 நாள் பேர் விழுந்தால் 33,750 ரூபா. வருடத்துக்கு 405,000 ரூபா. சரி, 1,750 ரூபா கைக்கு வருகிறது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் வருடத்துக்கு 525,000 ரூபாதான். 2025 ஏப்ரல் முதல் ஒருவருக்கு வருடத்தில் 18 லட்சம் ரூபா வரை வருமான வரி கிடையாது. இது ஆளுக்கு ஆள் பார்க்கும் கணக்கு, குடும்பத்துக்கு அல்ல. புருசனும் பொஞ்சாதியும் மலைக்குப் போனாலும் இரண்டு சம்பளத்தையும் கூட்டி வரி கேட்க முடியாது. ஆகவே கொழுந்து பறித்துச் சீவிக்கிற எவருக்கும் வருமான வரி இல்லை. (கடையில் வாங்கும் பொருளில் 18 வீதம் வற் வரி கட்டுகிறோமே, அது வேறு கதை. நாம் வரி கட்டாதவர்கள் என்று எவராவது சொன்னால் அதை ஞாபகப்படுத்துங்கள்.)

பிறகு ஏன் அவருக்குக் கடிதம்? சில வருடங்களுக்கு முன்னர் டவுனில் மரக்கறி வியாபாரம் செய்யும் ஒருவர், "ஒரு கையெழுத்துதானே அண்ணே" என்று இவருடைய அடையாள அட்டைப் பிரதியை வாங்கிப்போய் இவர் பேரில் வியாபாரத்தைப் பதிந்திருக்கிறார். கைமாறாகக் கிடைத்தது தீபாவளிக்கு ஒரு மூடை அரிசி. வியாபாரம் அவருடையது, லாபமும் அவருடையது. கோப்பு மட்டும் இவர் பேரில். அந்தக் கோப்புக்கு விபரத்திரட்டு எங்கே என்றுதான் திணைக்களம் கேட்டிருந்தது.

விபரத்திரட்டு என்பது வருட வருமானத்தையும் அதற்குரிய வரியையும் நாமே கணக்குக் காட்டிக் கொடுக்கும் படிவம். ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கி அடுத்த மார்ச் 31 வரையான வருடத்துக்கு, நவம்பர் 30க்கு முன்னர் கொடுக்க வேண்டும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர், திணைக்களம் எழுத்தில் கேட்காதவரை, கொடுக்கத் தேவையில்லை. ஆனால் கேட்டு எழுதிவிட்டால், "எனக்கு வருமானமே இல்லை" என்பதையும் அந்த வழியில்தான் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பதில் ஆகாது.

கொடுக்கத் தவறினால் என்ன நடக்கும்? 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இரண்டு கணக்குப் போட்டு, எது கூடவோ அதைத் தண்டமாக எடுக்கிறது. ஒன்று, கட்ட வேண்டிய வரியில் 5 வீதமும், பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் இன்னொரு 1 வீதமும். மற்றது, 50,000 ரூபாவும், பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000 ரூபாவும். உச்சம் 400,000 ரூபா.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நமது பிள்ளை ஒருவன் டவுனில் சின்னதாகக் கடை போட்டு வருடத்தில் 19 லட்சம் சம்பாதிக்கிறான் என்று வைப்போம். 18 லட்சம் கழிய மிச்சம் ஒரு லட்சம், அதற்கு 6 வீதப்படி 6,000 ரூபா வரி. படிவம் கொடுக்க ஐந்து மாதம் பிந்தினால் தண்டம் 100,000 ரூபா. பத்துக் கோடி ரூபா வரி கட்ட வேண்டிய கம்பெனி அதே ஐந்து மாதம் பிந்தினால், வீதக் கணக்கில் ஒரு கோடி வரும். ஆனால் உச்ச எல்லை குறுக்கே நிற்பதால் அதன் தண்டம் 400,000 ரூபாதான். கட்டாத வரிக்கு வட்டி வேறாக ஏறும் என்பது உண்மை. ஆனாலும் படிவம் பிந்திய குற்றத்துக்குச் சின்னவன் தன் வரியைப் போலப் பதினாறு மடங்குக்கு மேல் கட்டுகிறான், பெரியவனுக்கு அது தேத்தண்ணிச் செலவு. இந்த எல்லையும் இந்த 50,000 ரூபாவும் திருத்தப்பட வேண்டும் என்பது எனது அபிப்பிராயம். சங்கம் பாராளுமன்றத்தில் இருப்பவர்களிடம் பேசும்போது சம்பளத்தோடு இதையும் பேச வேண்டும்.

தண்டத்தோடு முடிவதும் இல்லை. படிவம் வராவிட்டால் திணைக்களம் தானே ஒரு தொகையை மதிப்பிட்டு அனுப்பலாம். அதை ஏற்காவிட்டால் அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதையும் விட்டுவிட்டால் வங்கிக் கணக்கில் இருந்து அறவிடலாம், நீதவான் நீதிமன்றத்துக்கும் போகலாம். வேண்டுமென்றே வரி ஏய்த்தால் மறியலுக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

அந்த 30 நாள்தான் நமக்குப் பெரிய சிக்கல். கொழும்பில் ஒருவருக்குக் கடிதம் கதவடிக்கு வரும். நமது லயத்துக்குத் தனி விலாசம் ஏது? தோட்டத்தின் பேர், டிவிசன், அவ்வளவுதான். கடிதம் ஆபீசுக்கு வந்து, அங்கே ஒரு தட்டில் கிடந்து, யாராவது கொண்டுவந்தால் உண்டு. நமது கவ்வாத்துக்காரரின் முதல் கடிதம் தோட்ட ஆபீசில் ஏழு வாரம் கிடந்திருக்கிறது. ஆபீசில் கேட்டால், "அவர் வந்து கேட்கவில்லை" என்றார்கள். கடிதம் வந்தது தெரியாத ஆள் எப்படி வந்து கேட்பார்? லயன் காம்பிராவுக்கும் இலக்கம் போட்டு, தபால் நேரே வரும் ஏற்பாடு வேண்டும் என்று நாம் கேட்பது ஆடம்பரத்துக்கு அல்ல.

டின் இலக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024இல் 18 வயதைத் தாண்டிய எல்லாரும் பதிய வேண்டும் என்று அறிவித்தபோது தோட்டத்தில் பெரிய பீதி. சிலர் பயந்து ஒளித்தார்கள், சிலர் கொமினிகேசன் கடைகளில் காசு கொடுத்துப் பதிந்தார்கள். பதிவுக்குத் திணைக்களம் கட்டணம் எடுப்பதில்லை. டின் எடுத்த உடனே வரி வந்துவிடுவதும் இல்லை.

சொல்லப்போனால் அது இல்லாததால் நட்டப்படுகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருக்கும் ஓய்வுபெற்ற தாய்மாரைச் சொல்கிறேன். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதத்தை வங்கி பிடித்துக்கொள்கிறது. 10 லட்சம் ரூபாவுக்கு 8 வீத வட்டி என்றால் வருடம் 80,000 ரூபா. அதில் 8,000 ரூபா போய்விடும், கிட்டத்தட்ட ஆறு நாள் பேர்க்காசு. வருட வருமானம் 18 லட்சத்துக்குள் என்றால் டின் இலக்கத்துடன் சுயபிரகடனப் படிவம் ஒன்றை வங்கியில் கொடுத்து இதைத் தவிர்க்கலாம். ஏற்கெனவே பிடித்த காசைத் திருப்பிக் கேட்க வேண்டுமானால் அதற்கு விபரத்திரட்டு கொடுக்க வேண்டும். வங்கியில் நீங்களே கேளுங்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

நமது கவ்வாத்துக்காரர் விசயம் இன்னும் முடியவில்லை. வியாபாரம் தன்னுடையது அல்ல என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். செக்ரோல் பிரதியும் சம்பளத் துண்டுகளும் இணைத்திருக்கிறோம். மரக்கறி வியாபாரி இப்போது போனை எடுப்பதில்லை. இனி எவர் கேட்டாலும், சொந்த மாமனாகவே இருந்தாலும், லொறிக்கோ கடைக்கோ அடையாள அட்டையைக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களிடமும் இப்படிக் கடிதம் இருந்தால் 1944க்கு அழைத்துத் திணைக்களத்தில் தமிழிலேயே விளக்கம் கேளுங்கள், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். அல்லது ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத் தலைவரிடம் கொண்டு வாருங்கள். வரும்போது உறையை எறிந்துவிடாமல் சேர்த்துக் கொண்டு வாருங்கள். தபால் முத்திரைத் திகதி அதில்தான் இருக்கும்.