பொங்கலைக் காணும் பொங்கல்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். பிறக்கட்டும், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் பொங்கலன்று காலையில் சமையலறையிலிருந்து வாசலுக்குப் போக வழி கிடைக்கிறதா, சொல்லுங்கள்! கூடத்தில் குடும்பம் முழுவதும் டெலிவிஷனுக்கு எதிரே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. குறுக்கே ஓர் அடி வைத்தால் போதும். "மறைக்காதே, மறைக்காதே!" என்று ஏகோபித்த குரல் எழும்பும். வருஷத்தில் மற்ற நாட்களில் ஒருவர் சொன்னதை ஒருவர் ஆமோதிக்காத குடும்பம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்ன ஒற்றுமை!

குளிர்கால விடுமுறை என்றால் மற்ற தேசங்களில் பனி பெய்யும். நம் சென்னையிலோ தை மாத விடியற்காலையில்கூட வெப்பமானி 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்கு மிகவும் யோசிக்கிறது. அதனால் என்ன? மப்ளரும் குரங்குக் குல்லாயும் பீரோவை விட்டு வெளியே வருகின்றன. அரையாண்டுப் பரீட்சை முடிந்து குழந்தைகள் வீட்டுக்கு வருகிறார்கள். அன்று தொடங்கி, காணும் பொங்கல் ஓயும் வரையில் டெலிவிஷன் பெட்டிக்கு ஓய்வு கிடையாது. அதற்குப் பலகாரம் செய்து போடுகிறவர்களுக்கும் கிடையாது.

டெலிவிஷனைக் குறை சொல்வதற்கென்றே இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கிறது. நடக்க முடியாத பாட்டி கட்டிலில் இருந்தபடியே கைகூப்பிச் சேவிக்கிறாள். பொங்கல் சமயத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் காளைகள் நம் கூடத்துக்குள்ளேயே பாய்ந்து வருகின்றன. கொம்பு நம் மேல் படாமல் ஜல்லிக்கட்டுப் பார்க்கும் பாக்கியம் நம் கொள்ளுத் தாத்தாவுக்கு வாய்த்ததா? 2018-ம் வருஷம் போகியன்று புகையும் பனியும் சேர்ந்து கவிந்ததில், சென்னையில் இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு தெரியாத அந்தக் காலை வேளையில், புகையைக்கூட டெலிவிஷனில்தான் தெளிவாகப் பார்க்க முடிந்தது!

சென்னைக்கு டெலிவிஷன் வந்தது 1975-ம் வருஷம் ஆகஸ்ட் 15-ந் தேதி. அப்போது தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அதிசயம். வெள்ளிக்கிழமை மாலை 'ஒலியும் ஒளியும்' என்றால் அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். பெட்டிக்குச் சொந்தக்காரிக்கு உட்கார இடம் கிடைப்பதே துர்லபம். எரிச்சலாகத்தான் இருந்தது; ஆனால் அந்த எரிச்சலில் தெரு முழுவதும் பழக்கமாயிற்று. 1993-ல் தனியார் தமிழ்ச் சானல்கள் பிறந்தன. பெட்டி வீட்டுக்கு ஒன்றாயிற்று. பிறகு அறைக்கு ஒன்று. இப்போது உள்ளங்கைக்கு ஒன்று. வாசலில் செருப்புகள் குறைந்துவிட்டன. வாசல் சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா?

நம் ஊரில் மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். ஸ்வீடன் தேசத்தில் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை 3 மணிக்கு வீட்டில் பெரியவர், சிறியவர் எல்லாரும் டெலிவிஷன் முன்னால் கூடிவிடுகிறார்கள். பார்ப்பது என்ன தெரியுமா? டொனால்ட் டக் என்னும் கார்ட்டூன் வாத்தை! அறுபது வருஷங்களுக்கு மேலாக அதே வாத்துதான். 1966-ல் நியூயார்க் நகரத்து டெலிவிஷன் நிலையம் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, விளம்பரங்களையெல்லாம் ரத்து செய்துவிட்டு, கணப்பு அடுப்பில் கட்டை எரிவதை மட்டும் மூன்று மணி நேரம் காட்டியது. கணப்பு வைக்க இடமில்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்காக அந்த ஏற்பாடு. 2013-ல் நார்வே தேசத்தார் இதையும் மிஞ்சினார்கள். விறகு பற்றி 12 மணி நேர நிகழ்ச்சி! அடுக்கும்போது மரப்பட்டை மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்று நேயர்கள் நிலையத்தாருடன் சண்டைக்குப் போய்விட்டார்களாம். நம் பட்டிமன்றத்துக்கு எவ்வளவு அருமையான தலைப்பு!

சிரிக்கிறீர்கள். ஆனால் நாம் செய்வதும் அதுதானே? கிராமத்து வாசலில் செங்கல் அடுக்கி, புதுப்பானையில் மஞ்சள் கொத்துக் கட்டி, சுள்ளி எரியப் பொங்கல் பொங்குவதை டெலிவிஷன் காட்டுகிறது. ஆறாவது மாடியில் வாசலும் இல்லாமல் முற்றமும் இல்லாமல் இருக்கும் நாம் அதை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறோம். அதே சமயத்தில் நம் வீட்டுக் காஸ் அடுப்பில், நம் வீட்டுப் பானையிலும் பால் பொங்குகிறது. "பொங்கலோ பொங்கல்" என்று கூவ வேண்டியவர்கள் கூடத்தில் இருக்கிறார்கள். அங்கே திரையில் யாரோ கூவுகிறார்கள். இங்கே இல்லத்தரசி மட்டும் தனியாக, கரண்டியும் கையுமாக, மெதுவாகச் சொல்லிக்கொள்கிறாள். அது கூவல் இல்லை, அம்மா; முணுமுணுப்பு!

பிறகு வருகிறது பட்டிமன்றம். குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பவர் கணவரா, மனைவியா என்பது போல ஒரு தலைப்பு. இரண்டு கட்சியும் வெளுத்து வாங்குகின்றன. வீட்டு எஜமானர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். கடைசியில் நடுவர், "சந்தேகமென்ன? மனைவிதான்!" என்று தீர்ப்புச் சொல்கிறார். "பேஷ்! சரியான தீர்ப்பு!" என்று எஜமானர் கைதட்டுகிறார். தட்டின கை ஓய்வதற்குள் உள்பக்கம் திரும்பி, "இன்னும் இரண்டு வடை வரட்டும், அப்படியே ஒரு காப்பி!" என்கிறார். தீர்ப்பு வழங்கப்பட்ட விவரம் மனைவிக்குத் தெரியாது. அவள் அப்போது எண்ணெய்ச் சட்டிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

உலகத் தொலைக்காட்சிகளிலேயே முதன்முறையாக வரும் புதுப் படத்தின் கதையும் அப்படித்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் போதெல்லாம் விளம்பரம். விளம்பரம் முடிந்து கதாநாயகன் தலை காட்டும்போது உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. ஆகவே எந்த சோப்பு எந்த அழுக்கைப் போக்கும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கதாநாயகிக்குக் கல்யாணம் ஆயிற்றா என்பது மட்டும் தெரியாது.

இத்தனை காமிராக்களும் எட்டிப் பார்க்காத வைபவம் ஒன்று உண்டு. மாட்டுப் பொங்கலன்று அதிகாலையில், பல வீடுகளில் பெண்கள் மொட்டை மாடியிலோ கொல்லையிலோ மஞ்சள் இலையை விரித்து, மஞ்சள் சாதமும் சிவப்புச் சாதமும் பிடி பிடியாக வைக்கிறார்கள். கனுப்பிடி! காக்கைக் கூட்டம் போலத் தன் பிறந்த வீட்டுக் கூட்டம் கலையாமல் இருக்க வேண்டும், அண்ணன் தம்பிகள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். விளம்பர இடைவேளை கிடையாது, ஸ்பான்ஸரும் கிடையாது. காக்கைதான் நேயர். நான் பார்த்த வரையில் மூன்று நாள் பண்டிகையில் நம் பெண்கள் தங்களுக்கென்று நிற்கிற நேரம் அந்தக் கால்மணிதான். அதிலும் கேட்பது தனக்காக அல்ல.

யாருக்காகக் கேட்கிறாளோ அந்தச் சகோதரன் மறுநாள் என்ன செய்கிறான்? மறுநாள் காணும் பொங்கல். உற்றார் உறவினரைப் போய்க் காணும் நாள் என்பதால்தானே அந்தப் பெயர்? மெரினாக் கடற்கரையில் ஜனசமுத்திரம் திரள்கிறது. கூட்டத்தில் தொலைந்துபோகாமலிருக்கக் குழந்தைகளின் கையில் போலீஸார் போன் நம்பர் எழுதின பட்டை கட்டுகிறார்கள். சகோதரன் அதையெல்லாம் டெலிவிஷனில் கண்டுகொண்டு உட்கார்ந்திருக்கிறான். நாலு தெரு தள்ளி இருக்கும் அக்காவுக்குக் கனுச் சீர்ப் பணம் போன் மூலமாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. பணம் வந்ததற்கு அடையாளமாக அவள் போன் 'டிங்' என்கிறது. வாசல் மணி என்றெண்ணி, பாவம், அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கிறாள்.

பெட்டியைத் தூக்கிப் போகித் தீயில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. புகை அதிகமாகும், வீட்டிலும் புகைச்சல் அதிகமாகும். சகோதரிகளே, மூன்றே மூன்று சட்டம் போடுங்கள். பால் பொங்கும் அந்த ஐந்து நிமிஷம் பெட்டியை அணைக்க வேண்டும். எல்லாரும் அடுப்படிக்கு வந்து, தெருக்கோடி கேட்கக் கூவ வேண்டும். பட்டிமன்றம் நடக்கும்போது மாவும் சட்டியும் எஜமானர் பொறுப்பு. தீர்ப்பை நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வடை கொஞ்சம் கருகினால் பாதகமில்லை, சாப்பிடப் போவதும் அவர்தானே? மூன்றாவது சட்டம், காணும் பொங்கலன்று யாராவது ஒருவரை நேரில் போய்க் காண வேண்டும்.

போகும்போது நாலு கரும்புத் துண்டும், இரண்டு மஞ்சள் கிழங்கும் எடுத்துக்கொண்டு போங்கள். முன்கூட்டிப் போன் செய்ய வேண்டாம். அழைப்பு மணியை அழுத்துங்கள். அக்கா கதவைத் திறக்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள். எந்தச் சானலிலும் அது வராது.