புது மாணாக்கரின் முதற் பருவம்

கிராமத்துச் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமும் தமிழிலேயே படித்துத் தேறிய பையன் இன்று என்ஜினீயரிங் கலாசாலைக்குள் காலெடுத்து வைக்கிறான். அவனுடைய குடும்பத்தில் அவனுக்கு முன் கலாசாலையின் வாசற்படியை மிதித்தவர் எவருமில்லை. ஒரு தலைமுறைக்கு முன் இது அபூர்வம். இப்போது ஆண்டுதோறும் நடக்கும் காரியமாகிவிட்டது.

இதற்குத் தமிழ்நாட்டுச் சட்டசபை செய்த சட்டங்கள் பெரிதும் காரணம். 2020-ல் வைத்தியக் கல்விக்கும், 2021-ல் என்ஜினீயரிங், விவசாயம், சட்டம் முதலிய தொழிற்கல்விகளுக்கும், சர்க்கார் பள்ளி மாணாக்கருக்கென்று நூற்றுக்கு ஏழரை இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்விதம் சேருவோரின் சம்பளத்தையும் விடுதிச் செலவையும் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. கலாசாலையில் சேரும் சர்க்கார் பள்ளி மாணவிகளுக்கு 2022 முதலும், மாணவர்களுக்கு 2024 முதலும் மாதம் ரூ. 1,000 உதவித் தொகை ஏற்பட்டது. 2021-22-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உயர்தரக் கல்வியில் சேர்ந்தோர் விகிதம் இந்தியா முழுமைக்கும் 28.4, தமிழ்நாட்டில் 47. இவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் வாசலைத் திறந்துவிட்டவர்கள், உள்ளே சென்றவனுடைய கதி என்ன என்று எட்டிப் பார்க்க வேண்டாமா?

அண்ணா பல்கலைக் கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதற் பருவத்திலேயே கணிதம், பௌதிகம், ரஸாயனம், ஆங்கிலம், கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடும் பைத்தான் என்னும் மொழி ஆகியவை ஒருசேரத் தலைமேல் வந்து விழுகின்றன. "தமிழர் மரபு" என்னும் சிறு பாடம் நீங்கலாக மற்றவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். "வகைக்கெழு" என்றால் கணக்குப் போட்டுக் காட்டிவிடும் பையன், "டெரிவேட்டிவ்" என்றதும் ஏதோ புதுப் பூதமென்று மிரளுகிறான். "முடுக்கம்" அவனுக்குத் தெரியும், "அக்ஸலரேஷன்" தெரியாது. பேர் தெரியாத காரணத்தால் பொருளும் தெரியாதவன் என்று அவனே தன்னைப் பற்றித் தீர்மானித்து, கடைசி வரிசையில் போய் உட்காருகிறான். பருவ முடிவில் இரண்டு மூன்று "அரியர்" விழுகின்றன. அடுத்த பருவத்தில் புதுப் பாடங்களோடு இந்தப் பழைய கடனும் சேர்ந்துகொள்கிறது. முதற் பருவத்தில் விழுந்த முடிச்சு நான்கு வருஷமும் அவிழாமல் போவதுண்டு.

அந்நிய மொழியின் மூலம் அறிவைத் தேடுவதால் இந்திய வாலிபன் ஒவ்வொருவனும் ஆறு வருஷங்களை இழக்கிறான் என்று பூனாப் பேராசிரியர்கள் தம்மிடம் கூறியதைக் காந்தியடிகள் 1916-ல் காசிச் சர்வகலாசாலையில் எடுத்துரைத்தார். நூறு ஆண்டு கடந்தும் வாதம் தீரவில்லை. 2010-ல் ஸிவில், மெக்கானிகல் பிரிவுகளைத் தமிழில் கற்பிக்கத் தொடங்கிய அண்ணா பல்கலைக் கழகம், 2023 மே மாதத்தில், சேருவோர் குறைவென்று உறுப்புக் கலாசாலைகளில் அவ்வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது; கண்டனம் எழுந்ததும் அறிவிப்பைக் கைவிட்டது. தாய்மொழிக் கல்வியே முடிவான பரிகாரம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அது முற்றும் கைகூடும்வரை இன்று சேர்ந்த பையன் காத்திருக்க முடியாது.

"பையனுக்கு ஊக்கமில்லை, அஸ்திவாரம் போதாது, பெற்றோர் படிக்காதவர்கள்" என்று கலாசாலைகளில் சிலர் சொல்லக் கேட்கிறோம். இதே பல்லவி 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையிலும் பாடப்பட்டது. அங்கே முதலாண்டுக் கால்குலஸ் கணிதத்தில் கறுப்பினத்து மாணாக்கர் பலர் தவறினர். யூரி டிரைஸ்மன் என்னும் கணித ஆராய்ச்சியாளர், கறுப்பினத்தார் இருபது பேர், சீன வமிசத்தார் இருபது பேர் எவ்விதம் படிக்கிறார்கள் என்பதைக் கூடவே இருந்து கவனித்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணங்களில் ஒன்றும் நிலைக்கவில்லை. கறுப்பு மாணாக்கர் சோம்பேறிகளல்லர். ஆனால் தனித்தனியே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார்கள். சீன மாணாக்கர் தனியே படித்த பிறகு ஒன்றுகூடி, விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் தவற்றை மற்றவர் திருத்தினர். ஒரு கணக்கு எவருக்குமே வரவில்லையென்றால் கணக்குத்தான் கடினமானது என்று அறிந்தனர். தனியே இருந்தவனோ தன் மூளையைச் சந்தேகித்தான்.

டிரைஸ்மன் செய்த ஏற்பாடு கவனிக்கத் தக்கது. மந்தமானவர்களுக்கென்று தனிப் பாடம் வைக்கவில்லை. சாதாரண வகுப்பில் உள்ளவற்றைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, கூடியிருந்து போடச் சொன்னார். அவ்விதம் பயின்ற கறுப்பு மாணாக்கர், அதில் சேராத தம் இனத்தாரை மட்டுமல்ல, வெள்ளை மாணாக்கரையும் விஞ்சினர்.

நம் கலாசாலைகளுக்கு இதில் பாடம் உண்டு. தமிழில் படித்து வந்தவர்களைப் பொறுக்கி எடுத்து, "பலவீனர்" என்று முத்திரை குத்தித் தனி அறையில் உட்கார வைப்பது உபகாரமாகாது. தமிழ்வழியும் ஆங்கிலவழியும் கலந்து ஐந்தாறு பேராகச் சேர்த்து, அதே நிலைமையிலிருந்து வந்து தேறிய மூத்த மாணவன் ஒருவனைத் துணைக்கு வைத்தால், முதல் மாதத்திலேயே பாதிப் பயம் தெளியும்.

மாணாக்கரும் ஒன்றை உணரவேண்டும். பள்ளியில் கைகொடுத்த நெட்டுரு இங்கே கைவிட்டுவிடும். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தனர் என்று 2006-ல் வெளியான அமெரிக்கப் பரிசோதனை ஒன்று காட்டியது. அன்றன்று நடந்ததை அன்றிரவே தமிழில் எழுதிப் பார்த்து, எதிரே ஆங்கிலச் சொல்லைக் குறித்துக்கொள்பவனுக்குப் பருவ முடிவில் ஓர் அகராதியே கையில் இருக்கும். புரியாததை ஆசிரியரிடம் தமிழிலேயே கேட்கட்டும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

தேசத் தொண்டர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அட்மிஷன் கடிதம் வந்த நாளுக்கும் வகுப்புத் தொடங்கும் நாளுக்கும் இடையே சில வாரங்கள் கிடைக்கின்றன. ஊர் நூல்நிலையத்தில் ஒரு மேஜையும், விடுமுறைக்கு வந்த மூத்த மாணவர் இருவரும் இருந்தால் போதும். சர்க்காருக்கோ செலவில்லாத ஒரு காரியம் சொல்லுவோம். ஏழரை சதவிகித ஒதுக்கீட்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று வருஷந்தோறும் அறிவிக்கும்போதே, சென்ற ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முதற் பருவத்தை அரியரின்றிக் கடந்தார்கள் என்பதையும் கலாசாலை வாரியாக அறிவிக்கட்டும்.