கத்தி யார் பொறுப்பு?

பொழுது விடியுமுன் பெரட்டுக்களத்தில் வந்து நிற்கும் தொழிலாளியிடம் வாளி உண்டு, தீட்டுக்கல் உண்டு, தலையில் விளக்கும் உண்டு. ஆயினும் அவருக்குச் சோறு போடுவது, அந்தச் சிறிய பால்வெட்டுக் கத்திதான். அந்தக் கத்தியைப் பற்றி நாம் எத்தனை முறை கூடிப் பேசியிருக்கிறோம்? சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறோம், வீட்டைப் பற்றிப் பேசுகிறோம், தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம். கத்தியை மட்டும் அவரவர் தலைவிதி என்று விட்டுவிடுகிறோம். இது சரியன்று என்பது நமது கருத்து.

மரத்தில் காயம் விழுந்தால் தண்டலின் குரல் உயர்கிறது. கத்தி சரியில்லை என்று தொழிலாளி சொன்னால், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று பதில் வருகிறது. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்ன செய்வது? அதைத்தான் இங்கே கேட்க விரும்புகிறோம்.

ரப்பர் மரத்தின் பால் பட்டைக்குள் இருக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. அதைத் தொடாமல், அதன்மேல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு, மேற்பட்டையைச் சீவி எடுக்க வேண்டும். அமேசான் காட்டில் முன்பு சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் புண்ணாயிற்று. 1888 இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், ஒரே வெட்டை மீண்டும் மீண்டும் மெல்லியதாகச் சீவினால் மரமும் பிழைக்கும், பாலும் பெருகும் என்று காட்டினார். மலாயாவின் ரப்பர்ச் செல்வம் அந்த மெல்லிய சீவலின்மேல் எழுந்தது. அந்தச் சீவலோ கத்தியின் கூர்மையை நம்பியிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு நாள்விட்டு ஒரு நாள் வெட்டும் மரத்தில், நல்ல கையும் நல்ல கத்தியும் சேர்ந்தால் ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போதும். மழுங்கிய கத்தி இரண்டு மில்லிமீட்டர் தின்றால், நான்கு ஆண்டுக்கு வர வேண்டிய பட்டை மூன்றே ஆண்டில் தீர்ந்துவிடும். ஆத்திரத்தில் அழுத்தினால் கத்தி கட்டையைத் தொடும். அங்கே மறுபட்டை மேடும் பள்ளமுமாக வளரும். நேரத்தையும் பாருங்கள். மரத்துக்கு இரண்டே விநாடி கூடினாலும், 500 மரத்துக்கு 1,000 விநாடி. பதினாறு நிமிடத்துக்குமேல் போயிற்று! காலைக் குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும் நேரமல்லவா அது? ஆகவே மட்டமான கத்தியினால் தொழிலாளிக்கு மட்டும் நஷ்டம் இல்லை, தோட்டத்துக்கும் நஷ்டந்தான்.

எந்த உருக்கு நல்லது? கடைக்காரர் "இதுதான் உயர்ந்தது" என்று ஒன்றைக் காட்டுவார். எல்லாக் கத்திக்கும் உயர்ந்த உருக்கு என்று ஒன்று கிடையாது. இரும்பில் சேர்ந்த கரியின் அளவும், உலையில் காய்ச்சித் தோய்த்துப் பதம் போட்ட விதமும் கத்தியின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. கடினம் கூடினால் கூர்மை நெடுநேரம் நிற்கும்; ஆனால் அடி தாங்காமல் உடையும். கடினம் குறைந்தால் வளையும், உடையாது. ஆனால் சீக்கிரம் மழுங்கும். இவ்விரண்டுக்கும் நடுவே வேலைக்கேற்ற இடத்தைப் பிடிப்பதே கொல்லரின் வித்தை. கடினத்தை ராக்வெல் எண்ணால் அளக்கிறார்கள்.

பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொள்வோம். இழுத்து வெட்டும் ஜெபோங் ஆனாலும், தள்ளி வெட்டும் உளியானாலும் வாய் சிறியது. ஓங்கி அடிக்கும் வேலை இல்லை. ஆகையால் கடினமான உருக்கைத் தயங்காமல் போடலாம். நூற்றுக்கு 0.9 முதல் 1 பங்கு வரை கரி சேர்ந்த உருக்கு, ராக்வெல் 60 அளவில் பதம் போட்டது, இதற்குப் பொருத்தம். இது துருப்பிடிக்கும், உண்மை. வேலை முடிந்ததும் பாலைத் துடைத்து, ஈரம் போக்கி, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். பளபளப்பைக் கண்டு மலிவான எவர்சில்வர்க் கத்தியை வாங்குவோர் ஏமாறுகிறார்கள். துருப்பிடிக்காமல் இருக்க நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குமேல் குரோமியம் சேர்க்கிறார்கள். மலிவுச் சரக்கில் கரி குறைவு, கூர்மையும் குறைவு. டங்ஸ்டன் சேர்ந்த அதிவேக உருக்கு என்று ஒன்று இருக்கிறது. பட்டறையில் இரும்பறுக்கும் வாள்களில் காணலாம். அதன் கூர்மை நெடுநாள் நிற்கும். ஆனால் விலை அதிகம், சாதாரணக் கல்லில் தீட்டுவது பெரும்பாடு, கல்லில் விழுந்தால் வாய் சிதறும். பணமும் நல்ல கல்லும் இருப்பவருக்கே அது ஏற்றது.

வீட்டுச் சமையல் கத்தி ஆறு அங்குலம், எட்டு அங்குலம். அது எலுமிச்சம்பழத்தையும் புளியையும் மீனையும் தொடுகிறது. இங்கேதான் எவர்சில்வருக்கு இடம். நூற்றுக்கு அரைப் பங்கு கரியும் 15 பங்கு குரோமியமும் சேர்ந்த உருக்கு போதுமானது. ராக்வெல் 55, 56 இருந்தால் வீட்டுக் கல்லிலேயே எளிதில் தீட்டலாம். இதற்குமேல் செலவழிப்பது ஆடம்பரம்.

பாராங் கத்தி வேறு ஜாதி. ஓரடிக்குமேல் நீளம், ஓங்கி வெட்டும் வேலை. இதில் கடினத்தைத் தேடினால் ஆபத்து. நீண்ட கத்தி உடைந்தால் அந்தத் துண்டு யார்மேல் பாயும் என்று சொல்ல முடியாது. லாரியின் ஸ்பிரிங் பட்டை உருக்கில் கரி 0.6 பங்கு அளவுதான். வளைந்து நிமிரும் குணம் அதற்கு உண்டு. கம்பத்துக் கொல்லர் அதை அடித்து, ஐம்பதுக்குச் சற்று மேலே பதம் போட்டுக் கொடுத்தால், குறைந்த காசில் அதைவிட நல்ல பாராங் கிடையாது. இன்று நம்மில் பெரும்பாலோர் செம்பனை வெட்டுகிறோம். இளம் மரத்துக்கு உளியும், உயர்ந்த மரத்துக்கு நெடுங்கம்பில் கட்டிய அரிவாளும் வேண்டும். அவையும் அடிபடும் கருவிகள். உறுதியே அங்கு முதல் தேவை.

வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் பதத்தைப் பாருங்கள். நல்ல அரம் ஒன்றை வாயோரத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். பால்வெட்டுக் கத்தியில் அரம் வழுக்க வேண்டும். பாராங்கில் சிறிது கடிக்க வேண்டும். வெண்ணெய்போல் இறங்கினால் அந்தக் கத்தியை வைத்துவிட்டு வாருங்கள். தண்ணீர் விடாமல் ஓடும் சாணையில் பிடித்து, கரி உருக்கின் வாய் நீல நிறமாக மாறினால் பதம் போயிற்று. எவ்வளவு உயர்ந்த கரி உருக்கும் அங்கே தகரந்தான்.

இனி, இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். 2025 இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளிச் சொச்சம். அதில் கத்தியும் கல்லும் தொழிலாளியின் தலையில் விழுந்தால், அவர் மலிவானதைத்தான் வாங்குவார். மலிவான கத்தி மழுங்கும். மழுங்கிய கத்தி மரத்தைக் காயப்படுத்தும். காயத்துக்கு ஏச்சு விழும். வழுக்கிய கத்தி கையையும் வெட்டும். இந்தச் சுற்றைத் தொழிலாளி தனியாக அறுக்க முடியாது.

1994 ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15 ஆவது பிரிவு, இயன்ற அளவில் ஆபத்தில்லாத சாதனங்களைத் தந்து பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது. சாதனம் என்பதில் கைக்கருவியும் அடங்கும் என்று அச்சட்டமே விளக்குகிறது. அச்சட்டப்படி கொடுப்பதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்பது 26 ஆவது பிரிவு. இவற்றைச் சேர்த்துப் படித்தால், தோட்டத்து வேலைக்கான கத்தியும் தோட்டத்தின் பொறுப்பே என்று நாம் கொள்கிறோம். நிர்வாகங்கள் வேறுவிதமாகப் படித்தால், பேச்சுவார்த்தை மேசையில் அதைச் சொல்லட்டும்.

நமது கோரிக்கை பெரிதன்று. வேலைக்கேற்ற உருக்கில் கத்தி; அதற்கேற்ற கல்; தேய்ந்தால் கேள்வியின்றி மாற்றிக் கொடுத்தல். புதிதாகச் சேர்பவருக்கு, அவர் எந்த நாட்டவராயினும், தீட்டக் கற்றுக் கொடுக்கவும் வேண்டும். கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை: கத்திக்கென்று சம்பளத்தில் பிடித்தம் எழுதச் சொன்னால் பேனாவைச் சற்று நிறுத்துங்கள். 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24 ஆவது பிரிவு அனுமதிக்காத பிடித்தம் செல்லாது. அந்த வரியை எழுதும் கை உங்களுடையது.

தொழிலாளிகளுக்கும் கடமை உண்டு. கொடுத்த கத்தியைத் துடைத்து வைப்பதும், சாணையில் எரிக்காமல் கல்லில் தீட்டுவதும், உறையில்லாமல் மோட்டார் சைக்கிளில் செருகாமல் இருப்பதும் நம் பொறுப்பு. நம் கடமையைச் சரியாகச் செய்துவிட்டுக் கேட்டால், அந்தக் குரலுக்கு வலிமை அதிகம். அடுத்த தோட்டக் கூட்டத்தில் சம்பளத்தோடு கத்தியையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுகிறோம்.