அளவுகோலையும் அளந்து பார்ப்போம்

மூன்றாம் ஆண்டு மாணவர், கணினி அறிவியல்

காய்ச்சல் கண்டவனுக்கு வெப்பமானி வைத்துப் பார்க்கிறோம். அந்த வெப்பமானியே பழுதென்றால்? நலமாக இருப்பவன் மருந்து குடிப்பான். நோயாளி வேலைக்குப் போவான். பெரிய சர்வர்களைக் கண்காணிப்பதிலும் இத்தகைய விபரீதம் நேர்வதுண்டு.

தேர்வு முடிவு வெளியாகும் நாளை எண்ணிப் பாருங்கள். ஆயிரமாயிரம் பேர் பதிவெண்ணைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். சர்வர் திணறுகிறது. ஆனால் கண்காணிப்புத் திரையோ, 'பிராசஸர்களுக்கு 2 விழுக்காடு வேலைதான்' என்கிறது. திரையை நம்பியவர் இணைய இணைப்பைக் குறை சொல்வார். நம்பாதவர் இன்னும் பெரிய இயந்திரம் வாங்கச் சொல்வார். இருவருமே தவறியிருக்கலாம்.

64 பிராசஸர்களில் ஒன்று மட்டும் முழுமூச்சாக உழைத்து, மற்ற 63 சும்மா இருந்தால் சராசரி 1.56 விழுக்காடுதான். ஒருவேளை அந்த ஒன்றில்தான் எல்லோருடைய வேலையும் வரிசையில் நிற்கிறதோ என்னவோ! சராசரி பொய் சொல்லவில்லை. நாம்தான் கேள்வியைத் தவறாகக் கேட்டோம்.

அளவுகோலுக்கும் எல்லை உண்டு. விண்டோஸ் இயங்குதளம் பிராசஸர்களைக் குறிக்க 64 பிட் எண்ணைக் கையாள்கிறது. ஒரு பிட்டுக்கு ஒரு பிராசஸர். 64-ஐத் தாண்டியபோது என்ன செய்தார்கள்? 2009-இல் வந்த சர்வர் 2008 ஆர்2 பதிப்பில், குழு ஒன்றுக்கு 64 வரை எனப் பிரித்தார்கள். அதற்கு முற்பட்ட 'பிராசஸர்' என்னும் கவுன்ட்டரையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எல்லாக் குழுக்களும் கண்ணில் படா. 'பிராசஸர் இன்ஃபர்மேஷன்' என்னும் புதிய கவுன்ட்டரைத்தான் பார்க்க வேண்டும். லினக்ஸின் 'டாப்' கருவியில் ஒரு நிரல் 800 விழுக்காடு என்று காட்டினால் அதுவும் பிழையன்று; எட்டு பிராசஸர்களின் உழைப்பை அது சேர்த்துச் சொல்கிறது.

ஆகவே, பழுது பார்ப்பதற்கு ஒரு முறை வேண்டும் என்பது என் கருத்து. இயந்திரத்தில் உள்ள பிராசஸர்கள் எத்தனை, கருவி காட்டுபவை எத்தனை என்று முதலில் எண்ணுக. பின்னர் ஒவ்வொன்றையும் தனித்தனியே காண்க. வேறொரு கருவியோடு ஒப்பிடுக. கவுன்ட்டரே காணாமற்போயிருந்தால் அதன் பதிவைச் சீர்செய்க. புது இயந்திரம் வாங்கும் பேச்சு அதற்குப் பிறகே எழட்டும்.

"அரசுக் கலைக்கல்லூரியில் 64 பிராசஸருக்கு எங்கே போவது?" என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். நான்கு பிராசஸர் உள்ள ஒரு கணினி போதும். முடிவில்லாமல் சுழலும் சிறு நிரல் ஒன்றை அதில் ஓடவிடுங்கள். நிரல் ஓய்வின்றி உழைக்கும். மொத்தக் கணக்கோ ஏறத்தாழ 25 விழுக்காடு என்று அமைதியாக நிற்கும். பாடம் அங்கேயே கிடைத்துவிடும்.

சரியான நிரலை எழுதிச் சரியான விடையைப் பெறுவதையே செய்முறை வகுப்பில் கற்கிறோம். தவறாகக் காட்டும் கருவியைக் கண்டுபிடிக்கும் பயிற்சி ஒன்றையும் ஆசிரியப் பெருமக்கள் சேர்ப்பார்களாயின், நாளை வேலைக்குச் செல்லும் இடத்தில் வீண் செலவைத் தடுப்பவர்களாக நாம் இருப்போம். எண்ணைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவும் தெரிய வேண்டும்.