ஊறுகாப் பந்துன்னு சிரிக்கிற சீனியர்களுக்கு

முன்குறிப்பு: பேட்மிண்டன் மேல எனக்கு எந்தப் பகையும் இல்லை. படிச்சிட்டு யாரும் ராக்கெட்டைத் தூக்கிட்டு வீட்டுக்கு வர வேண்டாம்.

எங்க சொசைட்டியில (புனேல அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அதான் பேரு) வர்ற ஞாயித்துக்கிழமை மீட்டிங். அஜெண்டாவுல மூணாவது ஐட்டம், பின்பக்கம் இருக்கிற பேட்மிண்டன் கோர்ட்ல பிக்கிள்பால் கோடும் போடலாமா வேண்டாமான்னு. ஒரு வாரமா வாட்சப் குரூப்ல இதே சண்டை. "ரிட்டயர் ஆனவங்களோட டென்னிஸ்"ங்கிறார் ஒருத்தர். "ஊறுகாப் பந்து"ன்னு கிண்டல் பண்றவர் நம்ம ஊர்க்காரரே! அவருக்குத் தமிழ்லயே பதில் சொல்லிடலாம்னுதான் இந்தப் பதிவு.

நாங்க இங்க டிரான்ஸ்ஃபர்ல வந்தது 2022-ல. வந்த ரெண்டாவது வாரமே நானும் ஒரு ராக்கெட் வாங்கிட்டு ராத்திரி ஒன்பது மணி செட்டுக்குப் போய் நின்னேன். மரியாதையாத்தான் சேர்த்துக்கிட்டாங்க. ரெண்டு கேம். என் பார்ட்னர் முகம் போன போக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. மூணாவது நாள் "இன்னைக்கு ஆள் ஃபுல்"னாங்க. நாலாவது நாள் நானே போகலை. கெண்டைக்கால் வேற பிடிச்சிருந்தது, அது தனிக்கதை.

அவங்க கெட்டவங்க இல்லை. அந்த ஆட்டத்தோட கணக்கு அப்படி. ஷட்டில் தரையில விழுந்தா பாயின்ட் போச்சு. நெட் அஞ்சடி உயரம். பின்கோட்டுக்குத் தூக்கி அடிக்கக் கத்துக்கவே சில மாசம் ஆகும், அதுவரைக்கும் எல்லாம் பாதி கோர்ட்லயே விழும், எதிராளி ஸ்மாஷ் அடிப்பான். டபுள்ஸ்ல ஒருத்தர் புதுசுன்னா மீதி மூணு பேருக்கும் ஆட்டமே கிடையாது. பேங்க் பாஷையில சொன்னா மினிமம் பேலன்ஸ் ரொம்ப ஜாஸ்தி. நாப்பத்தஞ்சு வயசுல, நாள் முழுக்க நாற்காலியில உக்காந்து லோன் ஃபைல் பார்க்கிற உடம்புல அவ்வளவு டெபாசிட் இல்லை சாமி.

பிக்கிள்பால்ல நெட் மூணடிதான். சர்வீஸ் இடுப்புக்குக் கீழ இருந்து. அதுவும் வரலைன்னா பந்தைக் கீழ போட்டு, எழும்பினப்புறம் தட்டலாம். சர்வீஸும் ஒரு தடவை தரையில பட்டுத்தான் ஆகணும், திருப்பி அடிக்கிறதும் ஒரு தடவை பட்டுத்தான் ஆகணும். அதாவது முதல் ரெண்டு அடியில யாரும் உங்க மேல பாய முடியாது. நெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஏழடி "கிச்சன்". அதுக்குள்ள நின்னு பந்தை அந்தரத்துல அடிக்கக் கூடாது. நெட்டுமேல தொங்கிக்கிட்டு குத்துற வஸ்தாதுகளுக்கு அங்க வேலை இல்லை. முதல் நாளே பத்து அடி தொடர்ந்து போகும். எனக்குப் போச்சு.

இப்ப முக்கியமான விஷயம். "கோர்ட்டே போயிடும்"னு பயமுறுத்துறாங்களே, டேப் எடுத்து அளந்து பார்த்தாங்களா? பேட்மிண்டன் டபுள்ஸ் கோர்ட் 44 அடிக்கு 20 அடி. பிக்கிள்பால் கோர்ட்டும் 44-க்கு 20 தான். ஒரு இஞ்ச் கூடக் குறைய இல்லை. பேட்மிண்டனோட முன் சர்வீஸ் கோடு நெட்ல இருந்து ஆறரை அடி, கிச்சன் கோடு ஏழடி. மொத்தத் தகராறும் அரை அடிக்குத்தான்! வேற கலர்ல ரெண்டு கோடு, சக்கரம் வச்ச ஒரு நெட். செலவு அவ்வளவே.

அளவு ஒத்துப்போறது தற்செயல் இல்லை. 1965-ல அமெரிக்காவுல பெயின்பிரிட்ஜ் தீவுல ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் ஒரு பழைய பேட்மிண்டன் கோர்ட்ல ஆட நினைச்சு, சாமான் கிடைக்காம, டேபிள் டென்னிஸ் மட்டையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தும் வச்சு ஆரம்பிச்சதுதான் பிக்கிள்பால். பேட்மிண்டன் பெத்த பிள்ளைன்னே சொல்லலாம். அந்த பேட்மிண்டனே ஒரு காலத்துல வெள்ளைக்கார சிப்பாய்ங்க இதே ஊர் பேரை வச்சு "பூனா"ன்னு கூப்பிட்ட ஆட்டம். காத்தடிச்சா இறகுக்குப் பதிலா கம்பளிப் பந்தை வச்சு ஆடினாங்களாம். நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்துப் பூப்பந்தும் கம்பளிப் பந்துதானே? மன்னார்குடியில நான் ஆடினது அதான். பக்கத்துக்கு அஞ்சு பேர், திறந்த வெளி. ஒண்ணும் தெரியாத பையனுக்கும் ஒரு மூலை கிடைக்கும்.

காத்துன்னதும் ஞாபகம் வருது. எங்க கோர்ட் மொட்டை வெயில்ல இருக்கு. ஷட்டில் வெறும் அஞ்சு கிராம். மே மாசம் சாயங்காலம் அதை அடிச்சா பார்க்கிங்ல போய்த்தான் பொறுக்கணும். அதனாலதான் ராத்திரி ஒன்பது மணி செட். மீதி நேரம் கோர்ட் சும்மா கிடக்கு, வடாம் காய வைக்கலாம்.

ரெண்டு விஷயம் ஒத்துக்கணும். சத்தம். டொக் டொக்னு கேக்கத்தான் செய்யும், கீழ்வீட்டுக்காரங்க சொல்றது நியாயம். காலையில ஏழுக்கு முன்னாடியும் ராத்திரி எட்டரைக்கு மேலயும் கூடாதுன்னு எழுதி வச்சிடலாம். ரெண்டாவது, பிள்ளைங்க. பத்து வயசுப் பிள்ளை கேட்டா பேட்மிண்டன்தான்னு நானே சொல்வேன். 1992-ல இருந்து ஒலிம்பிக்ஸ்ல இருக்கு, கோச் இருக்காங்க. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ்ல நம்ம துளசிமதி வெள்ளியும் மனிஷா வெண்கலமும் வாங்கினது அதுலதான். என் பொண்ணும் ஷட்டில்தான் ஆடுறா. அவ கோர்ட்டை நானே பிடுங்குவேனா?

நான் கேக்கறது தங்கமணிக்காக. வந்து ரெண்டு வருஷம் வரைக்கும் லிஃப்ட்ல சிரிக்கிறதோட சரி. ஹிந்தி "கித்னா"வைத் தாண்டலை. மராத்தி சுத்தம். பிரெண்டுன்னு ஒருத்தர் கிடையாது. போன வருஷம் என் கூட வேலை பார்க்கிறவர் சொசைட்டிக்கு ஒரு சனிக்கிழமை போனோம், அங்க கையில ஒரு மர மட்டையைக் குடுத்துட்டாங்க. (புதுசா ஆரம்பிக்கிறவங்க கார்பன் மட்டையெல்லாம் வாங்காதீங்க, காசு தண்டம். ஓடுற ஷூ போட்டுக்கிட்டும் ஆடாதீங்க, கணுக்கால் திரும்பும்.) இப்ப வாரா வாரம் போறா. ஒரு மராத்தி மாமி, ஒரு பெங்காலி, ஒரு பாலக்காட்டுப் பொண்ணு. இதுல ஸ்கோரை மூணு நம்பரா சொல்லணும். நம்ம பாயின்ட், எதிராளி பாயின்ட், சர்வீஸ் போடுறது முதல் ஆளா ரெண்டாவது ஆளா. "ச்சார், தோன், ஏக்"னு அவ சத்தமா சொன்னப்ப நான் அசந்துட்டேன். மூணு வருஷத்துல அவ வாய்ல வந்த முதல் மராத்தி.

அங்க போக ஆட்டோவுல நாப்பது நிமிஷம் ஆகுது. எங்க வீட்டு பால்கனியில இருந்து பார்த்தா காலியா கிடக்கிற கோர்ட் தெரியுது.

மீட்டிங் பதினோரு மணிக்கு. டேப்பை எடுத்து பைல வச்சாச்சு. ஊறுகாப் பந்துக்காரரே, நீங்களும் வாங்க, ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேணும்.