இந்தக் கைகளால் என்ன செய்ய முடியும்?



தேர்வு முடிவுகள் வெளியாகும் பருவம் இது. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகளில் நடக்கும் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "அவனுக்குக் கணக்கு வராதுங்க, எங்க பரம்பரையிலேயே யாருக்கும் வராது" என்பார் ஒருவர். "இவ பிறவியிலேயே கெட்டிக்காரி, புத்தகத்தைத் தொடாமலே மார்க் வாங்கிடுவா" என்பார் இன்னொருவர். முதல் பேச்சில் வருத்தம் இருக்கிறது, இரண்டாவதில் பெருமை இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே நம்பிக்கை. திறமையைப் பிறக்கும்போதே அளந்து கொடுத்துவிட்டார்கள், இனி அது கூடப்போவதில்லை என்ற நம்பிக்கை. பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டேதான் வளர்கிறார்கள்.

இதைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு மதுரை மருத்துவர் ஒருவரின் விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. 'டாக்டர் வி' என்று ஊரே அழைத்த கோவிந்தப்ப வெங்கடசாமியின் விரல்கள்.

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள வடமலாபுரத்தில், விவசாயக் குடும்பத்தில் 1918இல் பிறந்தவர் அவர். ஊரில் மருத்துவர் கிடையாது. உறவுக்காரப் பெண்கள் மூவர் நிறைமாதத்தை நெருங்கும் வேளையில் அடுத்தடுத்து இறந்துபோனதைச் சிறுவயதில் பார்த்தார். டாக்டராக வேண்டும், அதிலும் பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அப்போது விழுந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் மருத்துவப் படிப்பை முடித்து, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் முடக்குவாதம் வந்தது. மூட்டுகள் வீங்கின. நீண்ட காலம் படுக்கையிலேயே கிடந்தார். 1948இல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். எழுந்து நடமாடத் தொடங்கியபோது கைவிரல்கள் கோணி, மடங்கி, நிரந்தரமாக அப்படியே நின்றுவிட்டன. தொடக்கத்தில் பேனாவைப் பிடிப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

அப்போது அவருக்கு வயது முப்பது. பிரசவம் பார்ப்பது இனி நடக்காது என்பது தெளிவாகிவிட்டது.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். தன்னம்பிக்கைக் கதைகளில் வழக்கமாக இங்கே ஓர் அதிசயம் நடக்கும். மன உறுதியால் நோய் தோற்றுப்போகும். டாக்டர் வியின் வாழ்க்கையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. முடக்குவாதம் கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை, விரல்களும் நிமிரவில்லை. சிறுவயதிலிருந்து காத்துவந்த மகப்பேறு மருத்துவக் கனவை அவர் கைவிட்டார். தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் வீம்பு பிடிப்பதை நாம் பல நேரம் மன உறுதி என்று எடுத்துக்கொள்கிறோம். அவரோ நடந்ததை நடந்ததாகவே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு அவர் தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்விதான் முக்கியம்: சரி, இந்தக் கைகளால் என்ன செய்ய முடியும்?

அவர் தேர்ந்துகொண்டது கண் மருத்துவம். 1951இல் அதில் பட்டயம் பெற்றார், 1954இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். மடங்கிய விரல்களுக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கவும் கண்ணின் மெல்லிய சவ்வை அறுக்கவும் மணிக்கணக்கில் பழகினார். கண்புரை அறுவைச் சிகிச்சையில் கைதேர்ந்தார். பின்னாளில் ஒரே நாளில் நூறு பேருக்கு அறுவைச் சிகிச்சை செய்யுமளவுக்கு அந்தக் கை பழகியது. வாழ்நாளில் அவர் தம் கையால் செய்தவை ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த விரல்களின் படத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த எண்ணிக்கையின் கனம் புரியும்.

மனப்பான்மையைப் பற்றி நான் சொல்ல நினைப்பது முழுக்க இதற்குள்ளேயே இருக்கிறது. ஓர் அடி விழுந்ததும் "நான் இவ்வளவுதான்" என்று கணக்கை முடித்துக்கொள்கிறோமா, "இதிலிருந்து எங்கே தொடங்கலாம்" என்று கேட்கிறோமா என்பதில்தான் அடுத்த பத்து வருடங்களின் போக்கு முடிவாகிறது. முதல் பதிலில் ஒரு நிம்மதி உண்டு. அதற்கு மேல் முயல வேண்டியதில்லை, மறுபடி தோற்க வேண்டியதுமில்லை. இரண்டாவது கேள்வி கேட்டவரைச் சும்மா இருக்கவிடாது. பழகு, தப்புச் செய், திருத்து, மறுபடி பழகு என்று பிடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இதை ஆய்வாகச் செய்து பார்த்தவர் அமெரிக்க உளவியல் அறிஞர் கேரல் ட்வெக். அவரும் கிளாடியா முல்லரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு முதலில் எளிதான புதிர்களைக் கொடுத்தார்கள். போட்டு முடித்ததும் சிலரிடம் "நீ ரொம்ப புத்திசாலி" என்றார்கள். வேறு சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். வித்தியாசம் அந்த ஒரே ஒரு வாக்கியம்தான். பிறகு அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்களில் பெரும்பாலோர் எளிதானதையே கேட்டார்கள். உழைப்புக்காகப் புகழப்பட்டவர்களில் பெரும்பாலோர் புதிதாக எதையாவது கற்றுத்தரும் புதிரைக் கேட்டார்கள். அடுத்து எல்லோருக்கும் மிகக் கடினமான புதிர்கள் வந்தன, எல்லோரும் திணறினார்கள். கடைசியாக மறுபடி எளிய புதிர்களைக் கொடுத்தபோது, உழைப்புக்காகப் புகழப்பட்டவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். புத்திசாலிகளோ முதலில் வாங்கிய மதிப்பெண்ணைக்கூட எட்டவில்லை.

என் மனத்தை மிகவும் வருத்திய தகவல் இனிமேல்தான். வேறொரு பள்ளி மாணவருக்கு இந்தப் புதிர்களைப் பற்றி எழுதச் சொல்லி, வாங்கிய மதிப்பெண்ணையும் குறிக்கச் சொன்னார்கள். புத்திசாலி என்று புகழப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். முன்பின் பார்த்திராத ஒரு பிள்ளையிடம் போய் பொய் சொல்ல வேண்டிய தேவை ஒரு பத்து வயதுக் குழந்தைக்கு ஏன் வந்தது? புத்திசாலி என்ற பட்டம் பறிபோய்விடுமே என்ற பயம். திட்டினால் மட்டும்தான் பிள்ளைகள் காயப்படும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். கெட்டிக்காரி என்று கொஞ்சும்போதும் ஒரு பாரத்தை அந்தத் தலையில் ஏற்றுகிறோம் என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. பிள்ளை ஒரு கணக்கைச் சரியாகப் போட்டு வந்தால் "எப்படிப் போட்டே? எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேட்டுப் பாருங்கள். அந்த முகம் மலர்வதே வேறு விதம்.

மனப்பான்மையைப் பேசும் பேச்சில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனமில்லை. "எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டால், முன்னேறாதவர்கள் எல்லோரும் மனம் சரியில்லாதவர்கள் என்றாகிவிடும். ஏழையைப் பார்த்து, நோயாளியைப் பார்த்து, வேலை கிடைக்காத இளைஞனைப் பார்த்து "உன் எண்ணத்தை மாற்று" என்று சொல்வது எளிது. சொல்பவருக்குச் செலவே இல்லை.

டாக்டர் வியின் அனுபவமே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1960களிலிருந்து கிராமம் கிராமமாகக் கண் முகாம்கள் நடத்தியவர் அவர். பார்வை மங்கிய முதியவர்களைப் பரிசோதித்து, இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்கிறோம், வாருங்கள் என்று அழைத்தாலும் பலர் வருவதில்லை. "வயசானா கண்ணு போகத்தான் செய்யும், எல்லாம் விதி" என்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது மூட நம்பிக்கை, மனப்பான்மைக் கோளாறு. நெருங்கி விசாரித்தால் வேறு கதை வெளிவரும். மதுரைக்குப் போக பஸ் காசு வேண்டும். அங்கே தங்கும் நாளில் சாப்பாட்டுக்கு வழி வேண்டும். துணைக்கு வரும் மகனுக்கோ மகளுக்கோ அன்றைய கூலி போகும். சிகிச்சை மட்டும் இலவசமாக இருந்து என்ன பயன்? அவர் பின்னாளில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பஸ் வைத்து அழைத்துவந்தது, சாப்பாடு போட்டது, சிகிச்சை முடிந்ததும் ஊரில் கொண்டுபோய் விட்டது. விதி என்று சொன்னவர்கள் ஏறி வந்தார்கள். பார்வை திரும்பிய ஒரு பாட்டி தெருவில் நடந்து போனாலே போதும், அடுத்த முகாமுக்கு அந்தத் தெருவே வரும்.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 12,000 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மூளை பழகப் பழக வளரும் என்பதை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடமாகக் கொடுத்தார்கள். படிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகளின் மதிப்பெண் உண்மையாகவே கூடியது. ஆனால் சிறிதளவுதான் கூடியது. கடினமான பாடத்தில் இறங்கிப் பார்ப்பதைச் சக மாணவர்களும் மதிக்கும் பள்ளிகளில் பலன் அதிகம் தெரிந்தது. மனத்துக்குள் நம்பிக்கையை விதைத்தால் மட்டும் போதாது, சுற்றி இருப்பவர்களும் இடம் கொடுக்க வேண்டும் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

டாக்டர் விக்கும் அந்த இடம் கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது. 1976இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபோது தனியாக ஒரு கண் மருத்துவமனை தொடங்கும் யோசனையோடு நின்றார். கையில் பணமில்லை. தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும், இருவருமே கண் மருத்துவர்கள், அவரோடு சேர்ந்துகொண்டார்கள். குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. 11 படுக்கைகளோடு அரவிந்த் தொடங்கியது. பணம் கட்ட முடிந்தவர் கட்டினார், முடியாதவருக்கும் அதே டாக்டரின் கைதான். இன்று அது உலகின் மிகப் பெரிய கண் மருத்துவமனை அமைப்புகளில் ஒன்று. கண்புரையை அகற்றியபின் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் தொடக்க நாட்களில் வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும், விலையோ ஏழைக்கு எட்டாது. அது இல்லாதவர்கள் சிகிச்சைக்குப் பிறகு சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் காலம் தள்ளினார்கள். நம் ஊரில் அதைச் செய்வது ஆகாத காரியம் என்று பலர் சொன்னார்கள். 1992இல் மதுரையிலேயே அரவிந்தின் அங்கமான ஆரோலேப் என்ற நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கி, பழைய விலையில் ஒரு சிறு பங்குக்குக் கொடுத்தது. அப்போது டாக்டர் விக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. 2006இல் மறையும்வரை அவர் அடுத்து என்ன செய்யலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியைக் கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் அது இந்தத் தேர்வு முடிவு நாட்களோடு நேரடியாகப் பேசுகிறது. அரவிந்தின் முதுகெலும்பாக இருப்பவர்கள் டாக்டர்கள் மட்டும் இல்லை. கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வரும் பெண்பிள்ளைகளைச் சேர்த்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, கண் மருத்துவ உதவியாளர்களாக ஆக்குகிறார்கள். பார்வையை அளப்பது, நோயாளியைத் தயார்செய்வது, அறுவை அரங்கில் கருவி எடுத்துக்கொடுப்பது எல்லாம் அந்தப் பிள்ளைகளின் பொறுப்பு. அருகருகே இரண்டு மேசைகள் இருக்கும். ஒன்றில் டாக்டர் சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளியை இவர்கள் ஆயத்தமாக வைத்திருப்பார்கள். டாக்டர் அப்படியே திரும்பி அடுத்த கண்ணைத் தொடங்கிவிடலாம். இத்தனை பேருக்குச் சிகிச்சை சாத்தியமாவதே இதனால்தான். பெரிய கல்லூரிகளின் வாசலை எட்டியிராத பிள்ளைகளைப் பார்த்து "இவர்களுக்கு இது வருமா" என்று கேட்காமல், "இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்" என்று ஒரு நிறுவனமே கேட்டுக்கொண்டது. பேனா பிடிக்க முடியாத கையைக் கத்தி பிடிக்கப் பழக்கிய ஒருவர் உருவாக்கிய இடம் வேறு எப்படிக் கேட்கும்?

ஆகவே இந்த மாதம் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். "இது இவருக்கு வராது" என்று எல்லோரும் கைவிட்ட பிறகு ஒன்றைக் கற்றுக்கொண்டவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருப்பார். நாற்பது வயதுக்கு மேல் கையெழுத்துப் போடப் பழகிய அம்மாவாக இருக்கலாம், இரண்டு முறை தவறிய பாடத்தை மூன்றாம் முறை வென்ற தம்பியாக இருக்கலாம். அவரைப் பற்றி எழுதுங்கள். அவர் மட்டும் போதாது. யார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள், அந்த நாட்களில் வீட்டு வேலையை யார் ஏற்றுக்கொண்டார்கள், பஸ்ஸுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வரும் இதழ்களில் அந்தக் கடிதங்களுக்கென்று சில பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்